ஸுலைஹாவின் இரண்டு ஏக்கர் கடல்

சம்மாந்துறைக்கு மேற்கே, கடற்கரையிலிருந்து பத்துக் கிலோமீற்றர் உள்ளே கிடந்த ஸுலைஹா ராத்தாவின் இரண்டு ஏக்கர் வயல், ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிவதற்குள் கடலாக மாறியது. சுற்றியிருந்த வயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடல் நான்கு வரம்புக்குள்ளேயே நின்றது. வரம்புக்கு அந்தப் பக்கம் அடுத்தவர்களின் நெல் வழக்கம்போல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அலை முழங்கால் உயரத்துக்கு எழுந்து கிழக்கு வரம்பில் நுரைத்து உடைந்தது. கல்முனைக் கடலில் நீர் ஏறும் நேரம் இங்கேயும் ஏறியது, அங்கே இறங்கும் நேரம் இங்கேயும் இறங்கியது. பின்னேரத் தொழுகை அஸருக்குள் கீரிமீன் வந்துவிட்டது. பத்து நாளில் கதிர் தள்ள வேண்டிய பயிர் முழுக்க அடியில் கிடந்து அழுகியது. இதில் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வயல் வட்டையில் களை பிடுங்கிய பதினொரு பேர் கண்ணால் கண்டது.

ஸுலைஹா ராத்தாவுக்கு அறுபத்துமூன்று வயது. புருஷன் மௌத்தாகிப் பன்னிரண்டு வருடம். வயல் உம்மா வழியில் வந்தது, மகள் றிப்னாவுக்குப் போக வேண்டியது. தன் வீட்டு உலையில் கடை அரிசி ஒரு மணிகூட விழுந்ததில்லை என்பது ராத்தாவின் பெருமை. அதைச் சொல்லாமல் அவரால் இரண்டு வார்த்தை கதைக்க முடியாது. அப்படிப்பட்டவர் வரம்பில் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் ஒரு வாளியில் அந்தத் தண்ணீரை அள்ளி, அதற்குள் ஒரு கீரிமீனும் துள்ள, பஸ்ஸேறி நேரே பாராளுமன்ற உறுப்பினர் முஸ்தாக்கின் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தார்.

“தம்பி, இத ஒருக்கா நாக்குல வெச்சிப் பாருங்க.”

முஸ்தாக் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது.

“எவடத்துத் தண்ணி ராத்தா?”

“என்ட வயல்ட தண்ணி.”

முஸ்தாக்கைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். அரசியலுக்கு வருமுன் பத்தொன்பது வருடம் வட்டைவிதானையாக இருந்தவர். எந்த வயலுக்கு எந்த நாள் வாய்க்கால் தண்ணீர் திறப்பது, எந்த வரம்பில் வெட்டுவது, எதை அடைப்பது என்று தீர்ப்பவர்தான் வட்டைவிதானை. தண்ணீரைக் கண்டால் அது எங்கேயிருந்து வந்தது, எங்கே போகப் பார்க்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கே சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினார். நான்கு பக்கமும் வரம்பை வெட்டிவிட்டார். தாழ்ந்த பக்கத்து வயலுக்குக் கடல் ஒரு சொட்டும் வடியவில்லை. மூன்று பம்புகள் இரண்டு நாள் இறைத்தன. கடல் ஒரு விரல்கூட இறங்கவில்லை. இறங்குமா, அது கடல் அல்லவா. மூன்றாம் நாள் முஸ்தாக் மண்வெட்டியைக் கழுவி வைத்தார். இது தண்ணீர்க் காரியம் இல்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. வேறு என்ன காரியம் என்பதுதான் விளங்கவில்லை.

வயல் காரியங்களைப் பார்க்கும் கமநலக் கந்தோரில் கிருசிகா என்ற இளம் உத்தியோகத்தர் இருந்தார், காரைதீவுப் பிள்ளை. அவர் கம்பியூட்டர் திரையை முஸ்தாக்கின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“சேர், புதுக் காணிப் பதிவு செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்கு அமுலுக்கு வந்திட்டு. வானத்தில இருந்து எடுத்த படத்த மெசின் பாத்து, இந்த ரெண்டு ஏக்கரும் கடலெண்டு பதிஞ்சிருக்கு.”

“பிழைதானே மகள். மாத்திவிடுங்க.”

“எனக்கு மாத்த ஏலாது சேர். ஒருத்தருக்கும் ஏலாது. கையால மாத்தப்படாதெண்டு நீங்கதானே சட்டம் போட்டீங்க.”

அந்தப் பிள்ளை குத்திக் காட்டச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னது. முஸ்தாக்கின் காது மடல் இரண்டும் சூடேறின.

சட்டம் மார்ச் மாதத்தில் வந்தது. எண்பத்துநான்கு பக்கம். முஸ்தாக் முதற்பக்கத்தை முழுதாக வாசித்தார். இனிமேல் காணியின் வகையை மெசின் தீர்மானிக்கும், உத்தியோகத்தர்கள் லஞ்சம் வாங்கிக்கொண்டு வயலை மேட்டுநிலமாகவும் மேட்டுநிலத்தை வயலாகவும் எழுத முடியாது என்று அதில் இருந்தது. நல்ல விசயம் என்று மனதாரச் சந்தோசப்பட்டார். அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. பக்கத்து ஆசனத்து உறுப்பினரிடம் “நல்லதா?” என்று கேட்டார். “நல்லதுதான்” என்றார் அவர். முன்வரிசையில் கைகள் உயர்ந்தன, முஸ்தாக்கின் கையும் உயர்ந்தது. அது பழகிய கை. போகத்துக்குப் போகம் விதைப்பு நாள் குறிக்கக் கூடும் கன்னாக் கூட்டத்தில் அப்படித்தான். பெரியவர் திகதியை வாசிப்பார், முன்வரிசை கை தூக்கும், பின்னால் எல்லாரும் தூக்குவார்கள். தூக்காதவனுக்கு யாரும் ஏசுவதில்லை, அடிப்பதில்லை. அவன் வயலுக்குத் தண்ணீர் கடைசியாகப் போகும், அவ்வளவுதான். இதை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. பத்தொன்பது வருடம் முஸ்தாக்கே இதை நடத்தினார். ஒழுங்கு என்று இதற்குப் பெயரும் வைத்திருந்தார்.

கிருசிகா படத்தைப் பெரிதாக்கினார். ஏப்ரல் மாதம் எடுத்த படம். வட்டை முழுவதும் பச்சை, நடுவில் ஒரேயொரு சதுரம் மட்டும் வெள்ளையாக மினுங்கியது. அந்த நாளில் ராத்தாவின் வயலில் மட்டும் ஏன் தண்ணீர் நின்றது என்று கேட்க முஸ்தாக் வாயைத் திறந்தார், கேட்காமலே மூடிக்கொண்டார். அந்தச் சிறுபோகக் கன்னாக் கூட்டத்தில் கை தூக்காத ஒரே ஆள் ஸுலைஹா ராத்தா. திகதி முந்திவிட்டது, உழவுக்கு மெசின் கிடைக்காது என்று எழுந்து நின்று சொன்னார். இப்போதைய விதானை, முஸ்தாக் பழக்கிய ஆள், ஒழுங்கைக் காப்பாற்றினார். ராத்தாவுக்குப் பதினெட்டு நாள் பிந்தித்தான் தண்ணீர் போனது. ஊர் வயலெல்லாம் பயிர் மூடிப் பச்சையான நேரத்தில், ராத்தாவின் வயல் சேறடித்துப் பலகையடித்து, விதைப்புக்கு முதல்நாள் தண்ணீர் கட்டி நின்றது. மெசினிடம் இருந்த பட்டியலில் வயல், தோட்டம், வீடு, காடு, குளம், கடல் என்று ஆறே வகை. குளங்களுக்கெல்லாம் பெயர் இருந்தது, இதற்கு இல்லை. மிச்சம் கடல்தான். அந்த மெசினும் பாவம், வேறு என்ன செய்யும்?

முஸ்தாக் ராத்தாவின் வீட்டுக்குப் போய், “பெரும்போகத்துக்கு முந்தி வயல வயலாத் தருவன் ராத்தா. இது என்ட பொறுப்பு” என்றார். ராத்தா பிளேன்ரீ கொடுத்தார். அவர் சொல்லை நம்பி, விதைநெல்லைக் காயவைத்து எடுத்து வைத்தார்.

கொழும்பில் அமைச்சர் முஸ்தாக்கைக் கட்டிப்பிடித்து உட்காரவைத்து, இதெல்லாம் செயலாளருக்குத்தான் விளங்கும் என்றார். செயலாளர், இதெல்லாம் நிபுணர் குழுவுக்குத்தான் விளங்கும் என்றார். நிபுணர் குழு, மெசினைச் செய்த கம்பனிக்குத்தான் விளங்கும் என்றது. கம்பனியில் ஒரு கண்ணாடிக்காரத் தம்பி நாற்பது நிமிடம் விளங்கப்படுத்தினார். அதில் “ஆகவே” என்ற சொல் மட்டும் முஸ்தாக்குக்குப் பிடிபட்டது. கடைசியில் அந்தத் தம்பியும், நாங்கள் சட்டத்தில் உள்ளபடிதான் செய்தோம், சட்டம் போட்டவர்களைக் கேளுங்கள் என்றார். முஸ்தாக் திரும்பி அமைச்சரிடம் போனார். அமைச்சர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாக, “நான் வாசிக்கல்ல முஸ்தாக். நீங்கள்லாம் வாசிச்சிருப்பீங்க எண்டு நினைச்சன்” என்றார்.  

பெரும்போகம் வந்தது. ஊரெல்லாம் விதைத்தது. ராத்தாவின் விதைநெல் மூட்டையிலேயே கிடந்து வண்டு பிடித்தது. மாசி மாதத்தில் அவர் முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டு, தெரிந்த கடையில் வாங்கக் கூசி, இரண்டு சந்தி தள்ளிப்போய் ஐந்து கிலோ அரிசி வாங்கினார். றிப்னா சொல்லித்தான் முஸ்தாக்குக்கு அது தெரியவந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஐம்பத்தெட்டாவது வயதில் முஸ்தாக் கம்பியூட்டர் வகுப்பில் சேர்ந்தார். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு நடுவில், முழங்கால் மேசைக்கடியில் இடிக்க இருந்து படித்தார். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பென்சில் கடன் கொடுத்தார்கள். கிருசிகா வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து சட்டத்தைப் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு வருடமும் நாலு மாதமும் போனது. முஸ்தாக்குக்கு எல்லாம் விளங்கியது. விளங்கிய நாள்தான் அவருக்கு வந்த நாட்களிலேயே கேடுகெட்ட நாள். அறுபத்தோராம் பக்கத்தில், ஆயிரம் காணிக்கு ஒரு காணியில் மெசின் பிழைவிடுவது ஏற்கத்தக்கது என்றும், ஏற்கத்தக்க பிழை பிழையாகக் கருதப்படமாட்டாது என்றும் இருந்தது. மாவட்டத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தார். மெசின் சரியாக ஆயிரத்துக்கு ஒன்றுதான் பிழைவிட்டிருந்தது. சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

ராத்தாவிடம் தானே போய்ச் சொன்னார். 

“அந்த ஆயிரத்துல ஒண்டு நான்தான் எண்டு ஆரு தம்பி கை தூக்கின?”

முஸ்தாக்கிடம் பதில் இருந்தது. தன் வலது கையைப் பார்த்தார்.

பாராளுமன்றத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினார். நாங்கள் விளங்காமல் கை தூக்கினோம், வாய்க்காலைத் திறக்கிறவனுக்குத் தண்ணீர் எங்கே போகும் என்று தெரிந்திருக்க வேண்டும், மெசினைச் செய்யத் தெரியத் தேவையில்லை, ஆனால் அது பிழைத்தால் யார் வயல் போகும் என்றாவது கேட்கத் தெரிய வேண்டும், எங்கள் ஊரில் வயலுக்குள் கடல் நிற்கிறது என்றார்.  இரண்டு பக்கமும் மேசையைத் தட்டியது. எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர் எழுந்து, கடல் என்ற உவமை மிக அருமை என்று பாராட்டினார். முஸ்தாக் “அது உவமை இல்ல, கடல்” என்றார். அதற்குள் ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அடுத்த சட்டமூலம் வைத்தியசாலைகளுக்கான மெசின் பற்றியது. நூற்றுப்பத்துப் பக்கம், பின்னேரத்துக்குள் நிறைவேறியது.

ஊர் இதற்குள் பழகிவிட்டது. ஊர் எதற்குத்தான் பழகவில்லை? பெருநாளைக்குச் சனம் குடும்பத்தோடு அங்கே கடல் குளிக்கப் போனது. வரம்போரத்தில் ஒருவர் கடலைக்கொட்டைக் கடை போட்டார். கல்முனையிலிருந்து பெனடிக் என்ற மீனவர் வந்து பார்த்துவிட்டு, ஆழம் போதும், மீன் தங்கும் மடு நல்லது, வலை வீசலாம் என்று சொல்லிப்போனார். கடல் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பதால் ராத்தாவின் பெயர் காணிப் பதிவிலிருந்து கழன்றது. அனுமதியில்லாமல் கடலில் இறங்கி நின்றதற்காக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் வந்தது. உம்மா தந்த வயலில் கால் வைக்க நான் ஆரிடம் கேட்பது என்று றிப்னாவிடம் கேட்டு அழுதார். பிறகு அதையும் விட்டார்.

முஸ்தாக் தன் பதவியில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, காணி, மீன்பிடி என்ற இரண்டு திணைக்களங்களிலும் நாற்பது நாள் ஏறியிறங்கி, ராத்தாவுக்கு ஒரே ஒரு காரியத்தைச் செய்து முடித்தார். மீன்பிடி அனுமதிப் பத்திரம். அது மட்டும்தான் இன்னும் மனிதக் கையால் எழுதிக் கொடுக்கப்பட்டுவந்தது. ஒரு சனிக்கிழமை காலை அதைக் கொண்டுபோய் வரம்பில் வைத்து ராத்தாவின் கையில் கொடுத்தார். தொழில் என்ற இடத்தில் மீனவர் என்று எழுதியிருந்தது.

“நான் வெள்ளாமைக்காரி தம்பி.”

“ஓம் ராத்தா.”

ராத்தா பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதயாவது வாசிச்சிப் பாத்தீங்களா?”

“ஓம் ராத்தா. ரெண்டு தரம்.”

ராத்தா அதைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, பெனடிக் கொடுத்த வீச்சுவலையைத் தோளில் போட்டபடி தண்ணீரில் இறங்கினார். அன்றைக்குத் தென்கிழக்குக் காற்று, வயலில் கடல் கொஞ்சம் முரடாகத்தான் இருந்தது. முதல் வீச்சு வெறுமனே வந்தது. இரண்டாவது வீச்சில் நாலு மணலை மீன் கிடைத்தது. முஸ்தாக் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பில் நின்று கூடையைப் பிடித்தார்.