கடைசி வளைவின் ஈரம்

மேஸ்திரி வாயைத் திறந்து "நல்லா இருக்கு" என்று சொன்னால்தான் அந்தப் பந்தய மைதானத்தில் குதிரை லாயத்தை விட்டு வெளியே வரும். பந்தய நாள் காலையில் அவர் இரும்புக் கம்பியும் கையுமாக ஓடுபாதை முழுக்க ஒரு சுற்று நடப்பார். நடக்க நடக்கக் கம்பியைப் புல்லுக்குள் இறக்குவார். அது எவ்வளவு ஆழம் போகிறது, இழுத்தால் மண் எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று பார்த்துவிட்டு, ஜாக்கிகள் எடை பார்க்கும் அறையின் வாசலில் வந்து நிற்பார். "மண்ணு எப்படி மேஸ்திரி?" என்று கேட்பார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்வார். அந்த வார்த்தையை நம்பித்தான் அத்தனை பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருவார்கள்.

மைதானம் கிழடு தட்டிப் போயிருந்தது, சும்மா சொல்லக்கூடாது. காற்றடித்தால் கூரைத் தகரம் தடதடவென்று ஆடும். பார்வையாளர் மாடத்தில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது என்று கயிறு கட்டி மூடிவிட்டார்கள். மீதிப் பாதியில் ஆட்களைவிடப் புறாக்கள் அதிகம். போன சீசனிலேயே நனைந்த தரையால் பந்தயம் அடிக்கடி நின்றுபோனது. கிளப் செயலாளர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இந்த வருஷம் மண்ணு சரியில்லைன்னு ஒரு பந்தயம் நின்னாக்கூட குத்தகையைப் புதுப்பிக்க மாட்டாங்க. அடுக்குமாடி கட்ட இடத்தை வித்துருவாங்க. அப்புறம் இங்க குதிரை ஓடாது, லிஃப்ட்டுதான் ஓடும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வேறு தொழில் தெரியாது. அவர் தங்கையின் புருஷன் அதே மைதானத்தில் ஜாக்கி. லாயத்துக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் அண்ணன் வீடும் தங்கை வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நின்றன. மைதானம் போனால் இரண்டு அடுப்பும் அணைந்துவிடும்.

அந்தச் சனியன் பிடித்த காலையில், கடைசி வளைவில், உள்வேலியை ஒட்டி அவர் கம்பியை இறக்கினார். அது கேட்காமல் கொள்ளாமல் உள்ளே போய்விட்டது. அடியில் ஓடிய பழைய தண்ணீர்க் குழாய் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. மேலே பச்சைப் பசேல் என்று புல், கீழே கூழ். குழாயைத் தோண்டி எடுக்காமல் அதைச் சரிசெய்ய முடியாது. தோண்டினால் அன்றைய பந்தயம் நின்றுவிடும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? மணலைக் கொட்டி, புல் பத்தையைத் திரும்பப் பதித்து, உருளையை ஓட்டி, பூசி மெழுகிவிட்டார். பார்த்தால் கம்பளம் விரித்த மாதிரி இருந்தது. நேரே போய் வாசலில் நின்று, "நல்லா இருக்கு" என்றார். குரல் ஆடவில்லை. அதுதான் கொடுமை.

ஜாக்கிகள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் தங்கை முகம் கண் முன்னால் வந்து நின்றது. மேஸ்திரி குனிந்து, "மாப்பிள்ளை, கடைசி வளைவுல உள்வேலிப் பக்கம் போகாத. கொஞ்சம் வெளியவே திரும்பு" என்றார்.

"ஏன் மச்சான்? நல்லா இருக்குன்னு இப்பத்தான சொன்னீங்க?"

"சொன்னா கேளுப்பா."

மற்றவர்களைப் பற்றி அவர் நினைக்காமல் இல்லை. மாப்பிள்ளையின் குதிரை எப்போதும் முன்னால் ஓடுகிற குதிரை. அவன் வெளியே திரும்பினால் பின்னால் வருகிறவர்களும் அவன் வாலைப் பிடித்துக்கொண்டு வெளியேதான் வருவார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டார். மண்ணைப் பார்த்துப் பார்த்தே காலம் தள்ளிய மனுஷன், மேலே ஓட்டுகிறவன் மனசை ஒரு நாளும் பார்த்ததில்லை. உள்வேலியை ஒட்டினாற்போலத்தான் தூரம் குறைவு. முன்னால் போகிறவன் அதை விட்டு விலகினால் பின்னால் வருகிறவன் அவன் பின்னாலா போவான்? அந்தச் சந்து கிடைக்காதா என்றுதானே அத்தனை பேரும் தவம் கிடக்கிறார்கள்!

பின்னால் வந்த ஜாக்கி கொசு அப்படித்தான் நுழைந்தான். ஆள் அத்தனை பொடிசு, எந்த இடுக்கிலும் புகுந்துவிடுவான், அதனால் அந்தப் பெயர். மாப்பிள்ளை சொன்னபடி விலகினான். வேலியோரம் திறந்தது. கொசு ஒரு கத்து கத்திக்கொண்டு குதிரையை உள்ளே விட்டான். குதிரையின் முன்னங்கால் முழங்கால் வரை புதைந்தது. தடுமாறி எழுந்து அது ஓடிவிட்டது. கொசு எழவில்லை.

எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போனவர் மேஸ்திரிதான். போனவர் முதலில் என்ன செய்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. பிய்ந்து கிடந்த புல் பத்தையைக் காலால் தள்ளி, குழியை மூடி, மிதித்தார். மிதித்த பிறகுதான் கொசுவின் பக்கத்தில் மண்டியிட்டு அவன் தலையைத் தூக்கினார்.

இடுப்பும் தொடையும் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரியில் கொசுவின் மனைவி, "உட்காருங்கண்ணே" என்று இருந்த ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டுவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டாள். முள் மேல் உட்கார்ந்த மாதிரி அவர் உட்கார்ந்தார்.

"அவசரக் குடுக்கை அண்ணே நானு. சந்து கிடைச்சதும் கண்ணு மண்ணு தெரியலை. குதிரையைத் தப்பா திருப்பியிருக்கேன்" என்றான் கொசு. பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னால மைதானத்தை மூடிருவாங்களோ? அதுதான் அண்ணே எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார் மேஸ்திரி. வாங்கிக்கொண்டு போன பழத்தைக் கொடுக்க மறந்து, பையோடு திரும்பி வந்துவிட்டார்.

வீட்டு வாசலில் தங்கை காத்திருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை வாயில் எதுவும் தங்காது.

"விசாரணைக்குக் கூப்பிடுவாங்களாம்" என்றார் அவர். "சொல்லிரலாம்னு பார்க்கறேன்."

"சொல்லி? மைதானம் போகும். உன் வேலை போகும். அவர் மட்டும் தெரிஞ்சே விலகினார்னு அவரையும் பிடிப்பாங்க. மூடிக்கிட்டு இருண்ணே."

"கொசு குடும்பம் என்ன பண்ணும்மா?"

 அவள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ சொல்லலைன்னா அங்க கிடக்கறது அவரா இருந்திருக்கும். உன் காலைத் தொட்டுக் கும்பிடணும்ண்ணே." அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

விசாரணை செயலாளர் அறையில் நடந்தது. கொசுவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தப்பு தன்னுடையதுதான் என்று அவனே ஒப்புக்கொண்டான். "மண்ணுல ஒரு குறையும் இல்லைங்க. மேஸ்திரி அண்ணன் நல்லா இருக்குன்னு சொன்னாரு. அவர் சொன்னா சொன்னதுதான்." மாப்பிள்ளை, குதிரை தானாக வெளியே இழுத்துக்கொண்டு போனது என்றான். கடைசியில் செயலாளர் இவர் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. மென்று விழுங்கிவிட்டு, "இல்லீங்க" என்றார்.

கவனக்குறைவாக ஓட்டினான் என்று கொசுவின் உரிமத்தைப் பறித்தார்கள். மைதானத்தின் மேல் குற்றமில்லை என்று ஆனது. குத்தகை புதுப்பிக்கப்பட்டது. செயலாளர் மேஸ்திரியின் தோளில் தட்டி, "நம்ம மைதானம் தப்பிச்சுருச்சுய்யா" என்றார்.

பந்தயமில்லாத மாதங்களில் மேஸ்திரி அந்த வளைவைத் தோண்டினார். ஆள் வைக்காமல் தானே தோண்டினார். குழாயை மாற்றினார், நல்ல மண்ணாகப் பார்த்துச் சலித்துக் கொட்டினார், புல் பாவினார், பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார். காலையில் குதிரைகளை நடத்திக்கொண்டு வரும் ஜாக்கிகள், அவர் வாரிப் போட்ட சேற்றைப் பார்த்தார்கள். அன்றைக்கு மாப்பிள்ளை விலகியதையும் அவர்கள்தானே பின்னாலிருந்து பார்த்தவர்கள்?  பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

புது சீசனின் முதல் பந்தயம் வந்தது. மேஸ்திரி கம்பியோடு சுற்றி வந்தார். கடைசி வளைவில் நாலைந்து தரம் இறக்கிப் பார்த்தார். மொத்த மைதானத்திலும் அதைவிட நல்ல மண் கிடையாது. எடை அறை வாசலில் போய் நின்றார். ஒருத்தர்கூட "மண்ணு எப்படி?" என்று கேட்கவில்லை. அவராகவே, "நல்லா இருக்கு" என்றார். ஒரு தலைகூட ஆடவில்லை.

மாப்பிள்ளை மட்டும் பின்னாலேயே வந்து காதோடு கேட்டான். "மச்சான், எனக்கு மட்டும் சொல்லுங்க. நெசமாவே நல்லா இருக்கா?"

"என் தங்கச்சி மேல சத்தியம்ப்பா. நல்லா இருக்கு."

அவன், "சரி மச்சான்" என்றான். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

மேஸ்திரி கடைசி வளைவுக்குப் போனார். அங்கே வெளிவேலியில் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டுக் கொசு நின்றிருந்தான். "வீட்டுல இருப்புக் கொள்ளலைண்ணே. அதான் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சிரித்தான். மேஸ்திரி பக்கத்தில் போய் நின்றார். வேறெங்கே போவது?

குதிரைகள் வந்தன. மாப்பிள்ளைதான் முன்னால். வளைவு நெருங்கியதும் அவன் கடிவாளத்தை இழுத்து வெளியே திருப்பினான். அவன் பின்னால் அடுத்தவன், அவனுக்கும் பின்னால் மிச்சப் பேர், அத்தனை குதிரையும் உள்வேலியை விட்டுவிட்டு அகலமாகச் சுற்றிக்கொண்டு போயின. வேலியோரம் ஒரு வண்டியே போகலாம் போல இடம் திறந்து கிடந்தது. அதில் ஒரு குளம்புகூடப் படவில்லை.

கொசு வேலியைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்தான். "ஏண்ணே, உள்ள ஒருத்தன்கூட வரலையே? ஏன்?"

"தெரியலைப்பா. மண்ணு நல்லாத்தான் இருக்கு."

கொசு சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வந்தவன், பாதியில் நிறுத்திவிட்டான். புதிதாகப் பாவிய புல்லைப் பார்த்தான். தூரத்தில் மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். ஊன்றுகோலை எடுத்து அக்குளில் வைத்துக்கொள்ள அவனுக்கு வெகு நேரம் ஆயிற்று. உதவப் போன மேஸ்திரியின் கையை மெதுவாக விலக்கினான்.

"அன்னைக்கும் இதைத்தாண்ணே சொன்னீங்க" என்றான்.