கேட்டைத் தாண்டாத லாரி

ஸ்கூட்டரைக் குறுக்கே சாய்த்துப் போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், வந்துகொண்டிருந்த லாரியின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள் கால்நடை டாக்டர்.

பிரேக் அலறியது. பம்பர் அவள் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது.

"ஏம்மா, சாகறதுக்கு என் லாரிதான் கிடைச்சுதா?" டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. லேப் ரிசல்ட் வராம ஒரு கோழி இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது."

"ஆஃப் பண்ணா மறுபடி தள்ளணும். பேட்டரி அவுட்டு. நீங்க தள்ளுவீங்களா?"

பின்னால் நின்ற காரிலிருந்து பெரியவர் இறங்கினார். கோழி மொத்த வியாபாரி. பண்ணை முதலாளிக்குக் கூடப் பிறந்த அண்ணன். டாக்டரோ முதலாளியின் மனைவிக்குத் தங்கை. ஆக, சண்டை குடும்பத்துக்குள்ளேதான்.

முதல் ஷெட்டில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்திருந்தன. பறவைக் காய்ச்சலோ என்று மாதிரி எடுத்து அனுப்பியவள் அவள்தான். அதுதான் என்றால் பண்ணையில் ஒரு கோழி மிஞ்சாது. அத்தனையையும் அழித்தாக வேண்டும். அதற்குள் மற்ற ஷெட்டுக் கோழிகளைச் சந்தையில் தள்ளிவிடத் துடித்தார் பெரியவர்.

"டாக்டரம்மா, வழியை விடு. விஷயம் டிவியில வந்துட்டா, கோழியைச் சும்மா குடுத்தாக்கூட ஒருத்தனும் தொட மாட்டான்."

"காய்ச்சலா இருந்தா, சந்தையில கூண்டு இறக்கறவங்களுக்கும் தொத்திக்கும் பெரிய மாமா. நீங்களே இறக்கிடறீங்களா?"

"நான் எதுக்கு இறக்கணும்? நான் ஏசி ரூம்ல இருக்கற ஆளு."

"அதான் பார்த்தேன்!"

டிரைவர் சிரித்துவிட்டான். பெரியவர் முறைத்ததும் அதை இருமலாக மாற்றினான்.

"இருமாதீங்க," என்றாள் டாக்டர். "அப்புறம் உங்க மூக்குலயும் குச்சி விட வேண்டியிருக்கும்."

ரப்பர் பூட்ஸில் பிளீச்சிங் பவுடர் ஒட்டியிருக்க, முதலாளி மெல்ல வந்து சேர்ந்தார். வேலையாட்களிடம் சிங்கம். அண்ணன் முன்னால் பெட்டிப் பாம்பு.

"நீங்களாவது சொல்லுங்க மாமா!"

"அண்ணன் ஏத்தச் சொன்னார், ஏத்திட்டேன். நீ நிறுத்தச் சொல்றே, நிறுத்திட்டேன்."

"சொந்தமா ஒரு வார்த்தை பேசவே மாட்டீங்களா?"

"உங்க அக்காவும் தினம் இதையேதான் கேக்கறா."

"டேய் தம்பி, அவளைத் தள்ளி நிக்கச் சொல்லு!" பெரியவர் ஸ்கூட்டரைத் தூக்கப் போனார். டாக்டர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு பக்கம் இழுக்க, அவள் மறுபக்கம் இழுக்க, நடுவில் ஹாரன் தானாகக் கத்தியது.

கூடவே அவள் போனும்.

ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டு போனைக் காதில் வைத்தாள். விட்ட வேகத்தில் பெரியவர் சேற்றில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார்... ம்... ம்... நிச்சயமாவா?"

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். பண்ணை, கடன், வீடு எல்லாம் அந்த 'ம்'களில் தொங்கிக்கொண்டிருந்தன.

"பறவைக் காய்ச்சல் இல்லை!" டாக்டர் கத்தினாள். "மழையில நனைஞ்ச தீவன மூட்டை, பூஞ்சை பிடிச்சிருக்கு. அந்த மூட்டை போனது முதல் ஷெட்டுக்கு மட்டும்தான். மத்ததுக்கு ஒண்ணுமில்ல மாமா!"

ஹெல்மெட் ஆகாயத்தில் பறந்தது. டிரைவர் ஹாரனிலேயே மேளம் கொட்டினான். முதலாளி கொழுந்தியாளின் தலையில் கை வைத்து, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் நின்றார். சேற்றோடு எழுந்த பெரியவர்கூட அவள் முதுகில் தட்டினார்.

"அப்புறம் என்ன! மத்த ஷெட்டுக் கோழி போகலாம்தானே?"

"தாராளமா. நானே கையெழுத்துப் போடறேன்."

"எட்றா வண்டியை! இரு, லோடை ஒரு தடவை பார்த்துடறேன்." பெரியவர் உற்சாகமாக டயரில் கால் வைத்து ஏறி, தூறலுக்காகக் கட்டியிருந்த தார்ப்பாயை உயர்த்தினார்.

ஏறியவர் அப்படியே நின்றார்.

டாக்டரும் பெரியவரும் காலம் முழுக்கக் கோழிச் சத்தத்திலேயே கிடப்பவர்கள். ஷெட்டுகளின் கொக்கரிப்பிலும் இன்ஜின் இரைச்சலிலும், லாரிக்குள்ளிருந்து ஒரு 'கொக்'கூட வராதது இருவர் காதிலும் விழவில்லை.

"தம்பி! எல்லாம் வெறும் கூண்டுடா!"

முதலாளி தலையைச் சொறிந்தார்.

"ரிசல்ட் வராம கோழியை அனுப்ப மனசு வரலண்ணே. உங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல வாயும் வரல. அதான் காலிக் கூண்டையே ஏத்திட்டேன்."