கைமாற்றுக்குப் போன அக்கா

அக்கா கால்பந்து ஆடுவதை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. கால்பந்துதான் அக்காவை விடவில்லை. நகரத்துக் கால்பந்து கிளப்புகள் எல்லாம் சேர்ந்து வைத்திருந்த சங்கத்துக்கு அவள் செயலாளர். செயலாளர் என்றதும் சுழல் நாற்காலி, மணியடித்தால் ஓடிவர ஓர் ஆள் என்றெல்லாம் யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு போன், அதற்கு ஒரு சார்ஜர், சங்கத்தின் அலுவலகம் மொத்தமும் அவ்வளவுதான். பழைய செயலாளர் வேலை மாற்றலாகிப் போகும்போது, "ரெண்டு வாரம் மட்டும் பாத்துக்கம்மா" என்று அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். அந்த ரெண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், போன் கத்த ஆரம்பித்துவிடும். எங்கள் ஆட்டம் எந்த மைதானத்தில், ரெஃப்ரி கிளம்பிவிட்டாரா, கோல் வலை யார் வீட்டு மாடியில் காய்கிறது, அவர்கள் சட்டையும் நீலம் எங்கள் சட்டையும் நீலம் இப்போது என்ன செய்வது. எல்லாவற்றுக்கும் அக்காவிடம் பதில் இருந்தது. பல் தேய்த்துக்கொண்டே பதில் சொல்வாள். துணி உதறிக்கொண்டே இரண்டு கேப்டன்களின் சண்டையைத் தீர்த்துவைப்பாள்.

"நான் தொலைஞ்சு போனா உங்க அக்காவுக்குத் தெரியறதுக்கு ஒரு வாரம் ஆகும். ஒரு வலை தொலைஞ்சா மட்டும் ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்" என்று அத்தான் தங்கையிடம் புகார் சொல்வார். சொல்லிவிட்டு, அக்காவின் போனுக்கு அவரே சார்ஜர் செருகியும் வைப்பார். அப்படிப்பட்ட மனுஷன்.

தங்கை கம்ப்யூட்டர்காரி. கிடங்குகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவள். பந்தை எந்தப் பக்கம் உதைக்க வேண்டும் என்பதே அவளுக்குச் சந்தேகம். ஆனால் அக்கா ஆடிய நாட்களில் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை வறளக் கத்தியவள். அக்காவின் இடது காலுக்குப் பந்து வந்தால் எதிரணித் தடுப்பாட்டக்காரிகள் முகம் மாறுவதை அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் கால் இப்போது சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவே போனோடு நடந்துகொண்டிருப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் பாத்திரம் துடைத்தபடியே அக்கா சொன்னாள். "ஒரே ஒரு மேட்ச்சு. ஆரம்பத்துல இருந்து கடைசி விசில் வரைக்கும், நடுவுல போன் அடிக்காம. அவ்வளவுதான்டி எனக்கு வேணும்."

கேட்டது இவ்வளவுதான். நகை கேட்டிருந்தால்கூட வாங்கிக் கொடுத்துவிடலாம்.

அன்றைக்கே தங்கை உட்கார்ந்துவிட்டாள். கிளப்புகள், மைதானங்கள், ரெஃப்ரிகள், ஆட்டக்காரர்கள், வலை யாரிடம் இருக்கிறது என்பது உட்பட எல்லாம் ஒரே செயலியில். யாருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதைத் தன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆட்ட நேரத்தை மாற்ற வேண்டுமா? ஒரு கேப்டன் கேட்க வேண்டும், அடுத்த கேப்டன் தன் போனில் 'சம்மதம்' என்று அமுக்க வேண்டும். அக்காவை நடுவில் இழுக்க வேண்டாம்.

எல்லா கேப்டன்களையும் ஒரு டயர் கடையின் பின்கட்டில் கூட்டி வைத்து, என்னென்ன விதிகள் வேண்டும் என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்குக் கத்தினார்கள். கத்தலுக்கெல்லாம் மூலகாரணம் 'பச்சோந்தி' என்று பேர்பெற்ற ஒரு முன்வரிசை ஆட்டக்காரர். காலையில் ஒரு கிளப்புக்குச் சிவப்புச் சட்டையில் கோல் போடுவார், சாயங்காலம் இன்னொரு கிளப்புக்குப் பச்சைச் சட்டையில் கோல் போடுவார். கேட்டால், "கோல்தானே போட்டேன், கொள்ளையா அடிச்சேன்" என்பார்.

"ஒரு ஆளுக்கு ஒரு கிளப்புதான். வேற எங்கயும் ஆட முடியாதபடி பூட்டிடும்மா" என்றார்கள் கேப்டன்கள் ஒரே குரலில். அந்தக் கூட்டத்தில் எல்லாரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். தங்கையும் ஈ எறும்பு நுழையாதபடி பூட்டினாள். இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். இரண்டு அணியின் பேர்களும் செயலியில் பச்சை நிறமானால்தான் ரெஃப்ரி விசில் ஊத வேண்டும்.

முதல் ஞாயிறு வந்தது. அக்கா தன் பழைய கிளப்பில் பன்னிரண்டாவது ஆளாகப் பேர் கொடுத்திருந்தாள். புது பூட்ஸ் வாங்கியிருந்தாள். அதை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்ததில் அத்தானின் கால்விரல் ஒன்று நசுங்கியது. "ஆரம்ப விழாவுக்கு முதல் பலி" என்று சொல்லிவிட்டு அவர் பனிக்கட்டி தேடிப் போனார்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்தது மைதானம். அக்காவின் கிளப்புக்குக் கேப்டன் ஒரு பியூட்டி பார்லர்காரி. தொழிலாலும் நாக்காலும் அவளுக்குக் 'கத்தரி' என்று பேர். "அக்கா, கோச்சுக்காதீங்க, மூச்சு பழகணும்ல. முதல்ல உக்காந்து பாருங்க. ரெண்டாவது பாதியில கொஞ்ச நேரம் இறக்கி விடறேன்" என்றாள். அக்கா சரி என்று தலையாட்டினாள். தங்கைக்கு முகம் சுருங்கியது. அக்கா கேட்டது முழு ஆட்டம்.

எதிரணிக் கேப்டன் ஆம்புலன்ஸ் ஓட்டுபவள். அவளை ஊரே 'ஆம்புலன்ஸ்' என்றுதான் கூப்பிடும். அவள் தன் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். "ஒருத்திக்குக் காய்ச்சல். பத்து பேர்தான் இருக்கோம்."

"அதுக்கென்ன, ஒரு ஆளைக் கைமாத்தாத் தரேன்" என்றாள் கத்தரி, பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை கொடுப்பதுபோல. திரும்பி, "அக்கா, அவங்க பக்கம் போங்க" என்றாள்.

இந்தச் சங்கத்தில் அதுதான் வழக்கம். எதிரணியில் ஆள் குறைந்தால், உட்கார்ந்திருக்கும் தன் ஆளைக் கொடுப்பார்கள். பத்துப் பேரை ஜெயித்துவிட்டு வந்தேன் என்று யாரும் வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். கைமாற்றாகப் போனவள் அன்றைக்கு முழுதும் அந்தப் பக்கம்தான். மனசாரத் தன் கிளப்புக்கு எதிராக ஆட வேண்டும், ஏமாற்றக் கூடாது.

அக்கா துள்ளி எழுந்தாள். முழு ஆட்டம்! எந்தச் சட்டையாக இருந்தால் என்ன?

ரெஃப்ரி ஒரு பல் டாக்டர். மெதுவாகப் பேசுவார், வலிக்கும். போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் படித்தார். "இவர் வேறு கிளப்பில் பதிவானவர். அனுமதி இல்லை. சிவப்பா காட்டுதுங்க."

எல்லாரும் தங்கையைப் பார்த்தார்கள். தங்கை அக்காவைப் பார்த்தாள். "கைமாத்துன்னு ஒண்ணு இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே."

"அதை எதுக்குடி சொல்லணும்? சாப்பிடறதுக்குக் கை வேணும்னு யாராவது சொல்லுவாங்களா?"

"பூட்டு போடச் சொன்னப்போ யாருமே இதை நினைக்கலையா?"

"நாங்க பச்சோந்தியைத்தான் பூட்டச் சொன்னோம்" என்றாள் ஆம்புலன்ஸ். "இது கிளப்பு மாறறது இல்லையே. இது கைமாத்து."

அதற்குள் அக்காவின் போன் அடித்தது. வேறொரு மைதானம். அங்கேயும் ஓர் ஆள் குறைவு, அங்கேயும் சிவப்பு. அதை வைப்பதற்குள் இன்னொன்று. நகரம் முழுக்க யாரோ யாருக்கோ ஆள் கொடுக்கப் போய், எல்லா இடத்திலும் செயலி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அக்காவின் முகத்தில் அந்தப் பழைய செயலாளர் களை வந்து உட்கார்ந்தது. பேசிக்கொண்டே குனிந்து ஒரு பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

அதைப் பார்த்ததும் தங்கை ஓடிப் போய் அக்காவின் கையைப் பிடித்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக, போனைப் பிடுங்க வந்த செயலி போனை அக்காவின் காதோடு ஒட்டவைத்துவிட்டதே.

"பூட்ஸைக் கழட்டாத. போனை என்கிட்ட குடு" என்றாள்.

"உனக்கு என்னடி தெரியும் பதில் சொல்ல?"

"பொறுங்கன்னு சொல்லத் தெரியும். குடு."

அக்கா கொடுத்தாள். தங்கை ஒரு பாட்டில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். பூட்டை ஒரேயடியாக எடுத்துவிடுவது ஒரு நிமிஷ வேலை. ஆனால் எடுத்தால் பச்சோந்தி சாயங்காலத்துக்குள் மூன்று சட்டை மாற்றிவிடுவார். பூட்டும் இருக்க வேண்டும், கைமாற்றும் நடக்க வேண்டும். நேரம் மாற்றுவதற்கு இரண்டு கேப்டன்களும் சம்மதிக்கும் வழி முன்பே இருக்கிறதே, அதே வழியில் நேரத்துக்குப் பதிலாக ஆளை அனுப்பினால் என்ன? இன்றைக்கு மட்டும், இந்த ஆட்டத்துக்கு மட்டும், விசிலுக்கு முன்னால் மட்டும்.

சுற்றிலும் இருபத்திரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தால் யாருக்கும் தட்டச்சில் தப்பு வரும். போன் வேறு அடித்துக்கொண்டே இருந்தது. "பொறுங்க, வருது, பொறுங்க, வருது" என்று தோளுக்கும் காதுக்கும் நடுவே சொல்லியபடியே எழுதி முடித்தாள். "இப்ப அமுக்குங்க."

கத்தரி அமுக்கினாள். ஆம்புலன்ஸ் சம்மதம் கொடுத்தாள். எல்லாம் பச்சை. மைதானமே கைதட்டியது.

பல் டாக்டர் மட்டும் தட்டவில்லை. போனைக் கண்ணருகே வைத்து நிதானமாகப் படித்தார். "ஒரு பக்கம் இருபத்திரண்டு பேர். மறுபக்கம் யாரும் இல்ல. விசில் ஊதட்டுங்களா?"

நேரம் மாறினால் அணி மொத்தத்துக்கும் மாறும். அந்தப் பழக்கத்திலேயே செயலி, அக்காவோடு சேர்த்து கிளப் மொத்தத்தையும் கைமாற்றாக அனுப்பிவிட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு ஆள் கேட்டேன், மனசு தாராளம், வீட்டையே எழுதி வெச்சுட்டாங்க" என்றாள். கத்தரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. தங்கையும் சிரித்தாள், பாதி அழுகையோடு. சிரித்ததில் பதற்றம் போய்விட்டது. எந்த வரியில் கோளாறு என்று சட்டென்று தெரிந்தது. 'அணி' என்று இருந்த இடத்தில் 'ஆள்' என்று திருத்தினாள்.

மறுபடி அமுக்கினார்கள். பல் டாக்டர் படித்தார். இந்தமுறை இரண்டு தடவை படித்தார். பல் பிடுங்கும்போதும் அப்படித்தானாம். "பதினொண்ணு, பதினொண்ணு. சரியா இருக்கு" என்று சொல்லி விசிலை வாயில் வைத்தார்.

அக்கா ஆம்புலன்ஸ் அணியின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

முதல் கொஞ்ச நேரம் பார்க்கச் சகிக்கவில்லை. உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்? பந்து ஒரு பக்கம் போனால் அக்கா வேறு பக்கம் போனாள். மூச்சு விசில் சத்தத்தோடு வந்தது. ஒருமுறை எதிரே வந்தவளுக்குப் பந்தை மரியாதையாகக் கொடுத்துவிட்டு, "ஐயோ, நான் இன்னிக்கு உங்க டீம் இல்லல்ல" என்றாள். கத்தரி தன் ஆட்களிடம், "அவங்களை விட்டுடுங்க, பாவம்" என்று கை காட்டினாள். அதுதான் கத்தரி செய்த தப்பு.

தங்கை கோட்டுக்கு வெளியே போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அடிக்கவில்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தாள், இல்லை. லேப்டாப்பில் ஒவ்வொரு மைதானமாகப் பச்சையாகிக்கொண்டிருந்தது.

இடைவேளைக்கு அக்கா நேராக அவளிடம் வந்து, தண்ணீருக்கு முன்னால் போனுக்குக் கை நீட்டினாள். "யாரு கூப்பிட்டாங்க?"

"யாரும் கூப்பிடல."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட."

அக்கா நம்பாமல் தானே வாங்கிப் பார்த்தாள். பார்த்த முகத்தில் சந்தோஷம் வரும் என்று தங்கை காத்திருந்தாள். வரவில்லை. மாறாக, விருந்துக்கு யாரும் கூப்பிடாத ஆளின் முகம் வந்தது. தங்கைக்குப் பயமாகிவிட்டது. இத்தனை வருஷம் ஊரே தேடிய ஒருத்தியை, தான் ஒரே காலையில் யாருக்கும் வேண்டாதவளாக ஆக்கிவிட்டோமோ?

"அக்கா, வருத்தமா?"

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "கொஞ்சம் ஒரு மாதிரிதான்டி இருக்கு" என்றாள் மறைக்காமல். அப்புறம் பாட்டில் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். "பரவாயில்ல. அந்தக் கத்தரி என்னைப் பாவம்னு சொன்னா, கேட்டியா? அதை முதல்ல பாக்கறேன்."

இரண்டாவது பாதியில் அதைப் பார்த்தாள். யாரும் கவனிக்காமல் இடது ஓரத்தில் நின்றவளுக்கு ஆம்புலன்ஸ் பந்தைத் தள்ளிவிட்டாள். அக்கா ஒருத்தியைத் தாண்டினாள், அடுத்து கத்தரியையே தாண்டினாள், இடது காலால் அடித்தாள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே வந்து, ஓடிவந்த வேகத்தில் நிற்க முடியாத அக்காவின் முழங்காலில் பட்டு உள்ளே போனது. அழகான கோல் என்று யாரும் சொல்ல முடியாது. அக்கா மட்டும் சொன்னாள், கையை விரித்துக்கொண்டு மைதானம் முழுக்க ஓடிச் சொன்னாள். தங்கை தொண்டை கிழியக் கத்தினாள். கண்ணில் நீர் வழிந்ததை அவள் துடைக்கவும் இல்லை.

கடைசி விசில் வரைக்கும் அக்கா ஆடினாள். அதற்கு அப்புறமும் ஆட்டம் அடங்கவில்லை. கத்தரி ஒரு பக்கம், ஆம்புலன்ஸ் ஒரு பக்கம், நடுவில் பல் டாக்டர், முழங்கால் கோல் கணக்கில் சேருமா சேராதா என்று பெரிய சண்டை. எல்லாருக்கும் மேலே அக்காவின் குரல் கேட்டது. அந்தச் சண்டையை அவள் தீர்த்துவைக்கவில்லை. அவளே போட்டுக்கொண்டிருந்தாள்.

சண்டையும் சிரிப்புமாக அந்தக் கூட்டம் வெளிவாசலை நோக்கி நகர்ந்தது. அக்கா தங்கையைத் தாண்டிப் போனாள், நின்றுகூடப் பார்க்கவில்லை.

"அக்கா, உன் போன்" என்று தங்கை கையை உயர்த்திக் காட்டினாள்.

"அப்புறம் வாங்கிக்கறேன்டி" என்று சொல்லிவிட்டு அக்கா, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தாள்.