வியாழன்தோறும் பத்மாசனி

என் மனைவி பத்மாசனி வியாழக்கிழமைதோறும் வெளியாகிறாள். காலை ஆறரைக்கு, பால் பாக்கெட் வந்த பிறகு. இரவு பத்துக்குள் முடிந்துவிடுகிறாள்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரு கால இடைவெளி உண்டு. எதிர்வீட்டுத் தாமோதரன் ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு மட்டும் வருவார். நல்ல கனம். பேச்சில் பாதி ஜவுளிக்கடை விளம்பரம்.

பத்மாசனி முன்பு நாள்தோறும் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சண்டை. ரசத்தில் ஆரம்பித்து என் அக்கா வரை போனது. "வாரத்துக்கு ஒரு தடவை உன்னைப் பார்த்தா போதும்" என்று கத்தினேன். அப்போது வாசலில் கால இடைவெளிப் பதிவகத்தின் கணக்கெடுப்பாளர் நின்றிருந்தார். அவர் காதில் விழுவதெல்லாம் விண்ணப்பம். அதனால் அவர் தெருவுக்குள் வந்தாலே எல்லோரும் வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொள்வோம். அன்று எங்கள் வீட்டில் வெற்றிலை தீர்ந்திருந்தது.

அதிலிருந்து அவள் வாராவாரம். ஒவ்வொரு வியாழனும் அடுப்படியில் நின்று முன்கதை சொல்லித்தான் ஆரம்பிப்பாள்.

"போன வாரம் உங்களுக்கு இருமல். கஷாயம் குடுத்தேன். பாதிதான் குடிச்சீங்க."

ஒரு வியாழன் காலை, அவளை மறுபடி நாள்தோறும் ஆக்கிவிடப் பதிவகத்துக்குப் போனேன். நடைகூடம் நான் நடக்க நடக்க நீண்டது. வாரம், மாதம், காலாண்டு என்று வரிசையாகக் கதவுகள். நூற்றாண்டு என்று எழுதிய கதவின் முன் ஒருவர் நின்றிருந்தார்.

"ரொம்ப நேரமா நிக்கறீங்களா?"

"இப்பதான் வந்தேன்" என்றார். அவர் செருப்பில் புல் முளைத்திருந்தது.

வாரப் பிரிவில் செங்கமலம் என்ற அதிகாரி இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பதிவேட்டைப் புரட்டினார்.

"பத்மாசனி. நாள்தோறும்னுதானே இருக்கு?"

"இல்ல மேடம். வியாழக்கிழமை மட்டும்தான் வர்றா."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க, சார்?"

யோசித்தேன். கஷாயம் ஞாபகம் வந்தது. அது போன வியாழன்.

"சரி, புதன்கிழமைன்னா எப்படி இருக்கும்? சொல்லுங்க பாப்போம்."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். வியாழனுக்கு அடுத்த விரலும் வியாழனாகவே இருந்தது.

பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். வாரம் ஒருமுறை என்ற பத்தியில் கோதண்டபாணி என்று இருந்தது. அது நான்.

"யார் வாயால சொல்றாங்களோ அவங்க பேர்லதான் பதிவாகும். அவங்க தினமும் இருக்காங்க. நீங்கதான் சார் வாராவாரம்."

"மாத்திக் குடுங்க மேடம்."

"நாள்தோறும் ஒரு தடவை விட்டா விட்டதுதான். மத்ததுல ஒண்ணை உங்க வீட்டம்மா குறிச்சுக் கையெழுத்துப் போடணும். மாத்தச் சொல்லிக் கேட்டாச்சு, பழைய பதிவு இன்னியோட ரத்து. இன்னிக்குள்ள போடலைன்னா நின்னுடுவீங்க."

"நின்னா என்ன ஆகும்?"

"நின்னவங்க யாரும் வந்து சொன்னதில்ல."

படிவத்தோடு வீட்டுக்கு வந்தேன். பத்மாசனி வாசலிலேயே நின்றிருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஏன் பத்மா சொல்லல?"

"வாரத்துல ஒரு நாள் வர்றீங்க. அதையும் அழுது கெடுக்கவா?"

அவள் தலையில் எனக்குத் தெரியாமல் நிறைய நரைத்திருந்தது. என் வியாழன்களில் அவ்வளவு நரைக்க இடமில்லை.

"வாரம் ஒருமுறைன்னே போடு. அதுவாவது இருக்கட்டும்."

"உங்களுக்கென்ன, ஒரு வியாழன் முடிஞ்சா அடுத்த வியாழன். நடுவுல ஆறு நாள் இருக்கறது நான்ல? வரமாட்டீங்கன்னு தெரிஞ்சே ஆறு நாள்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை மெதுவாகப் படித்தாள். கடைசிக் கட்டத்தில் குறி போட்டாள். எப்போதாவது என்று எழுதிய கட்டம்.

"ஐயோ, அது எப்போன்னே தெரியாதே!"

"தெரியாதுல்ல? அதான் வேணும். தினமும் எந்திரிக்கறப்ப இன்னிக்கா இருக்கும்னு தோணும். அது போதும் எனக்கு."

கையெழுத்துப் போட்டாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன்.

என் கை அழைப்பு மணியின் மேல் இருந்தது. நான் வாசலுக்கு வெளியே நின்றிருந்தேன். நீலக் கதவு பச்சையாகியிருந்தது. தெருவில் எதிர்வீடு இல்லை.

பாதி முகத்தில் சவர நுரையோடு ஒருவர் கதவைத் திறந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோதண்டபாணி சாரா?"

"ஆமா."

"அடடா, உள்ள வாங்க. வீட்டை எங்கப்பாவுக்கு விக்கறப்ப அந்தம்மா போட்டது ஒரே ஒரு கண்டிஷன்தானாம். நீங்க எப்ப வந்தாலும் உள்ள விடணும்னு."

"பத்மாசனி எங்க?"

"பக்கத்துத் தெருவுலதான் இருந்தாங்க. தினமும் காலைல வந்து, வந்தாரான்னு கேட்டுட்டுப் போவாங்களாம். ஒரு நாள்கூட விட்டதில்லன்னு அப்பா சொல்வாரு."

"இப்போ?"

அவர் துண்டால் நுரையைத் துடைத்தார். நாற்காலியை இழுத்து மின்விசிறிக்குக் கீழே போட்டார்.

"உக்காருங்க சார்" என்றார்.