ஒரு டிரம் வெயில்

எங்கள் அடுக்ககத்துக்கு மின்கம்பி கிடையாது. பகல் வெயில் மொட்டைமாடித் தொட்டியில் சேரும். மாலை ஆறு மணிக்குச் செயலாளர் தேவசகாயம் வால்வைத் திறந்தால் குழாயில் வரும். சிக்கனமான கட்டடம். சன்னல்களைக் கடற்காற்றுக்குத் திருப்பிக் கட்டியிருப்பதால் விசிறி வேண்டாம். வீட்டுக்கு இரண்டு குடம் வெயில் போதும்.

பிடித்ததும் மூடி வைக்க வேண்டும். எந்த நாளில் பிடித்ததோ, அந்த நாள் அதில் தங்கிவிடும். என் மனைவி அங்கயற்கண்ணி பங்குனியில் இறந்தாள். இறப்பதற்கு முந்தின நாள் அவளே பிடித்து வைத்த ஒரு டிரம் வெயில் என்னிடம் இருந்தது. தினமும் ஒரு கரண்டி எடுத்துக் கூடத்தில் ஊற்றுவேன். அந்த வெளிச்சத்தில் அவள் சுவரோரம் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவாள். "இன்னிக்கும் லேட்டா?" என்பாள். கரண்டி வெயில் தீரும்வரை பேசிக்கொண்டிருப்போம். அதற்காகத்தான் நான் அந்த வருஷம் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பதினோரு நாளாகத் தொட்டி காலி. படி தெரியாமல் விழுந்து மூன்றாம் மாடி சுலோசனாவுக்குக் கால் முறிந்தது. தேவசகாயம் வந்து கதவைத் தட்டினார்.

"சார், உங்க வீட்ல ஒரு டிரம் இருக்காமே."

"அது என் சம்சாரத்தோடது."

"தெரியும் சார். மிச்ச வெயில் பொதுத் தொட்டிக்குன்னு நீங்களுந்தான கையெழுத்துப் போட்டீங்க."

ஊரோடு ஒத்து வாழ் என்று அவளே நூறு தடவை சொல்லியிருக்கிறாள். டிரம்மின் ஒரு பக்கத்தை நானே பிடித்துத் தூக்கினேன். ஊற்றும்போது அழுதேன். தேவசகாயம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு வால்வு திறந்தது. என் வீடு தரைத்தளத்தில் கடைசி. எல்லோரும் பிடித்த பிறகு என் குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மற்ற இருபத்து மூன்று வீடுகளிலும் அங்கயற்கண்ணி அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

சுலோசனா வீட்டுக்கு ஏறிப் போனேன். கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தார். பக்கத்தில் என் மனைவி.

"யாரும்மா வந்திருக்கறது?" என்று சுலோசனாவிடம் கேட்டாள்.

"கீழ் வீட்டு சார்."

"உட்காருங்க. எங்க வீட்டுக்காரர் வர்ற நேரந்தான். வந்ததும் காப்பி போடறேன்."

நான் உட்கார்ந்தேன். குடத்தில் இன்னும் பாதி வெயில் இருந்தது.

ஏழேகாலுக்கு சுலோசனாவின் கணவர் வந்தார். "இன்னிக்கும் லேட்டா?" என்று அங்கயற்கண்ணி அவரிடம் கேட்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு எனக்கு வணக்கம் சொன்னார். நான் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.