பச்சை வரும் வரை

"கேட்டு மூடறதுக்குள்ள தாண்டிடுங்கண்ணே!"

ஹஸ்னா கத்திய கத்தலில் ஆட்டோ அர்ச்சுனன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். பிரயோஜனமில்லை. ரயில்வே கேட் அவர்கள் மூக்குக்கு நேரே இறங்கி நின்றது.

"கூட்ஸுங்க. நிலக்கரி வண்டி. ஆடி அசைஞ்சுதான் போவும்," என்று சொல்லிவிட்டு அர்ச்சுனன் இன்ஜினை அணைத்தார்.

ஹஸ்னா கையிலிருந்த போனைப் பார்த்தாள். திரை முழுக்கப் பச்சை. நடுவில் 58 என்ற எண். அந்தப் பச்சை இப்போது வரக் கூடாதது.

குவைத்திலிருந்து திரும்பிவந்த அவள் கணவன் ஷமீர், பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் பட்டறை ஒன்றை எடுத்து, இன்றுதான் முதல் சூளையைத் திறக்கப் போகிறான். சூளையின் வாயைச் செங்கல் அடுக்கி, களிமண் பூசி அடைத்திருந்தார்கள். உள்ளே சூடு எண்பது டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை ஒரு கல்லைக்கூட உருவக் கூடாது. சூடு பார்க்க வாங்கிய மீட்டர் பெட்டிக்குள் சொந்த சிம் உண்டு, பேட்டரி உண்டு. அது அளவை மீட்டர் கம்பெனிக்காரர்களின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். ஹஸ்னா எழுதிய ஆப் அந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டு, வரும் பதிலை வண்ணமாக்கிக் காட்டும். எண்பதுக்கு மேல் சிவப்பு. கீழே வந்தால் பச்சை.

ஷமீரின் குவைத் போனில் இப்போது சிம் இல்லை. அதில் அந்த ஆப்பைப் போட்டு, பட்டறையின் வைஃபையோடு இணைத்து, சூளைக்கு எதிர்ச் சுவரில் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். பச்சை வந்தால் செங்கல்லை உருவு. அவ்வளவுதான் சட்டம்.

முதல் செங்கல்லை முதலாளி கையால்தான் உருவ வேண்டும் என்பது சூளைக்காரர் ராஜாங்கத்தின் கறாரான வழக்கம். எலுமிச்சம்பழம் நேற்றே வாங்கி வைத்தாகிவிட்டது. ஷமீர் ஸ்டூல் மேல் ஏறி, அந்தக் கல்லுக்கு நேரே முகத்தை வைத்து...

கம்மாபுரத்தில் அம்மா வீட்டுக்குக் காலையில் போனவள், திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும்தான் போனைப் பார்த்திருந்தாள். ராத்திரி வரவேண்டிய பச்சை மத்தியானமே வந்து உட்கார்ந்திருந்தது.

இப்போது ஷமீர் நம்பரை அழுத்தினாள். அவள் பைக்குள்ளேயே மணி அடித்தது.

"எடுங்கம்மா, யாரோ கூப்புடுறாங்க," என்றார் அர்ச்சுனன்.

"நான்தாண்ணே கூப்புடுறேன்!"

தன் போனில் நெட் சரியாக எடுக்காது என்று காலையில் அவன் பேசும் போனையும் பிடுங்கிக்கொண்டு வந்தவள் அவள்தான். ராஜாங்கத்தைக் கூப்பிட்டாள். அவர் போன் எப்போதும்போல பைக் பெட்டிக்குள் கிடந்து அடித்து அடித்து ஓய்ந்தது.

லேப்டாப்பைத் திறந்தாள். கம்பெனி அனுப்பும் பதிலை உரித்துப் பார்த்தாள். கோளாறு என்று எங்கேயும் இல்லை. 'எல்லாம் சரி' என்றுதான் தலைப்பிலேயே எழுதி வந்திருந்தது. அதற்குக் கீழே பெயரும் அளவுமாக இரண்டு வரிசை. ஒன்று, சுடாத களிமண் சாமான்களைக் காயவைக்கும் அறை: 58. அடுத்தது சூளை: 412.

 நேற்றுவரை சூளைதான் முதலில் வந்தது. அறை இரண்டாவதாக வந்தது. அவள் ஆப் பெயரையே பார்ப்பதில்லை. முதலில் எது வருகிறதோ அதை எடுத்துத் திரையில் போட்டுவிடும். கம்பெனிக்காரன் இன்றைக்கு வரிசையை மாற்றிவிட்டான். நானூற்றுப் பன்னிரண்டு டிகிரி கொதிக்கும் சூளைக்கு, பக்கத்து அறையின் ஐம்பத்தெட்டைக் காட்டி ஆப் பச்சைக் கொடி ஆட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் எத்தினி பொட்டி இருக்குதுண்ணே?"

"வாலே தெரியல. நீங்க என்னங்கம்மா, ஆட்டோவுலயே ஆபீஸ் போட்டுட்டீங்க?"

"பட்டறையில ஒரு தப்பு நடக்கப் போவுதுண்ணே. இங்கேருந்தே நிறுத்தணும்."

"பரீட்சைக்கு வந்த புள்ள மாதிரி நகத்தக் கடிக்காதீங்க. எழுதுங்க, எழுதுங்க."

எழுதினாள். முதலாவதை எடு என்றிருந்த வரியைத் தூக்கி எறிந்தாள். பட்டியல் முழுக்கத் தேடு. 'சூளை' என்ற பெயர் இருந்தால் மட்டும் அதன் அளவை எடு. பெயர் இல்லையா, சிவப்பு. அளவு காலியா, சிவப்பு. எண்ணுக்குப் பதில் வேறு ஏதாவது வந்திருக்கிறதா, அதற்கும் சிவப்பு. விரல்கள் தடுமாறி ஒரு அடைப்புக்குறியை விட்டன. லேப்டாப் திட்டியது. "யா அல்லாஹ்" என்று முனகியபடி திருத்தி அனுப்பினாள்.

கையிலிருந்த போன் கண் சிமிட்டியது. பச்சை போனது. சிவப்பு! 409.

சுவர் போனும் அடுத்த தடவை கேட்கும்போது புதுசைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்குள் ஷமீர் அந்தப் பச்சையைப் பார்த்திருந்தால்? ஸ்டூலில் ஏறியிருந்தால்?

கேட் மேலே ஏறியது. எதிரே வந்த டவுன் பஸ்ஸையும் குறுக்கே வந்த தண்ணி லாரியையும் உரசாத குறையாக அர்ச்சுனன் ஆட்டோவை ஓட்டினார். பட்டறை வாசலில் முழுதாக நிற்பதற்குள் ஹஸ்னா குதித்தாள். ஒரு செருப்பு ஆட்டோவிலேயே தங்கிவிட்டது.

"மச்சான்!"

கொட்டகைக்குள் அனல் அடித்தது. சூளைக்கு முன்னால் ஸ்டூல் போட்டுத் தயாராக இருந்தது. அதன்மேல் எலுமிச்சம்பழம். ஸ்டூலுக்குப் பக்கத்தில், முகம் முழுக்க வியர்வையோடு, ஷமீர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

செங்கல் சுவரில் ஒரு கல்கூட அசையவில்லை.

"என்னா, பேய் அடிச்ச மாதிரி வரே? ஒத்தச் செருப்போட?" என்றான்.

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். போன் திரையில் சிவப்பு தகதகத்தது. அப்படியே செங்கல் குவியலில் சாய்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"பச்சையப் பார்த்துட்டுத் தொறந்திருப்பீங்களோன்னு செத்துட்டேன் மச்சான். ஆட்டோவுல வரும்போதே சரி பண்ணி அனுப்பினேன்."

"பச்சையா? எங்கே வந்துச்சு? காலையிலேர்ந்து செவப்புதான். ராஜாங்கண்ணன் கூட, 'ஒங்க வூட்டம்மா மிஷினு ரொம்பப் பிடிவாதங்க, எறங்கவே மாட்டேங்குது'ன்னாரு."

"ஆமாங்கம்மா," என்று மூலையிலிருந்து ராஜாங்கம் துண்டால் விசிறியபடி வந்தார். "பாய் ரெண்டு தடவை ஸ்டூல்ல ஏறி எறங்கிட்டாரு. செவப்பு இருக்குதேன்னு நான்தான் புடிச்சு உக்கார வச்சேன்."

ஹஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர் போனை மறுபடி பார்த்தாள். சிவப்பின் நடுவில் 655.

தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். 401.

ஒரே ஆப். ஒரே சூளை.

"அந்த நம்பரு எப்போலேர்ந்து அப்படியே இருக்குது மச்சான்?"

"நான் எங்கே நம்பரப் பார்த்தேன்? கலரத்தானே பார்க்கச் சொன்னே?"

 அவள் கழுத்தில் வியர்வை வழிந்தது. "இவ்ளோ வேக்காட்டுல உக்காந்திருக்கீங்களே... காத்தாடியப் போடக் கூடாதா?"

ராஜாங்கம் துண்டை உதறினார்.

"எங்கேர்ந்து போடுறதுங்கம்மா? இன்னிக்கு மாசாந்தர மராமத்துல்ல? நீங்க பஸ் ஏறப் போனீங்க பாருங்க, அப்பப் போன கரெண்டு. இன்னும் வரல."

ஹஸ்னா மேசையிலிருந்த வைஃபை பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு விளக்குகூட எரியவில்லை. காலையில் கடைசியாக வந்த அந்த 655-க்குப் பிறகு சுவர் போனுக்கு ஒரு பதிலும் வந்து சேரவில்லை. அந்தப் பச்சையும் வரவில்லை. அவள் திருத்தி அனுப்பியதும் வரவில்லை.