பாளையங்கோட்டையில் ஒரு வீடு

பாளையங்கோட்டையில் பிறந்தவளைக் கொண்டுவந்து கீழவிளாகத்தில் குடிவைத்தால் என்ன ஆகும்? கெசியா மாதிரி ஆகும். வள்ளியூருக்குக் கிழக்கே நாலு கல் தள்ளி, பனையும் உடைமரமும் தவிர வேறொன்றும் உருப்படியாக வளராத ஊர் அது. அந்த ஊர் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஞானையாவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது, "ரெண்டே வருஷம், அப்புறம் பாளையங்கோட்டைக்கே மாத்திருவாக" என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். ரெண்டு என்பது பதினொன்றாகிவிட்டது. இதற்குள் தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்து, பிறந்த வீடும் கைமாறிவிட்டது.

"எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு விளக்கு எரியும். எங்க ஊர்க் கோயில் மணி அடிச்சா ஆத்துக்கு அக்கரையில டவுன் வரைக்கும் கேக்கும்" என்று அவள் ஆரம்பித்தால், அடுத்த வீட்டுப் பாலம்மாள் முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். எத்தனை தடவைதான் கேட்பாள் பாவம்.

கெசியாவின் புத்தியில் தேசம் மூன்று துண்டாகக் கிடந்தது. ஆற்றுக்கு மேற்கே திருநெல்வேலி டவுன். அங்கே இருக்கிறவன் எல்லாம் சுதேசிக்காரன், கூட்டம் போட்டுக் கத்துகிறவன், தொள்ளாயிரத்து எட்டில் கலகம் பண்ணித் தீ வைத்தவன். கிழக்கே பாளையங்கோட்டை, அங்கே இருப்பவர்கள் ராஜாவுக்கு வேண்டியவர்கள், படித்தவர்கள், வாரம் தவறாமல் சட்டைக்குக் கஞ்சி போடுகிறவர்கள். மற்றதெல்லாம் பட்டிக்காடு. பட்டிக்காட்டானுக்கு மழை பெய்தால் சரி, யார் ஆண்டால் என்ன? ஒருத்தன் குடியிருக்கிற இடத்தைச் சொன்னால் அவன் கட்சியைச் சொல்லிவிடுவேன் என்பாள்.

அந்தக் கணக்கில் உதைத்தது ஒரே ஒரு ஆள், சிவசண்முகம் பிள்ளை. டவுனில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். கலகத்துக்குப் பிறகு அந்த வேலையை உதறிவிட்டு, பெண்டாட்டி பிரம்மநாயகியோடு பூர்வீக வீட்டுக்கே வந்துவிட்டார். பட்டணம் வெள்ளைக்காரன் விரித்த கடை, நம்ம நாடு கிராமத்தில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. முரட்டு நாட்டுத் துணிதான் உடுத்துவார். சனிக்கிழமை சனிக்கிழமை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக் காட்டுவார்.

கீழவிளாகத்தில் நல்ல தண்ணீர் இருந்தது அவர் கிணற்றில் மட்டும்தான். மற்றதெல்லாம் வாயில் வைக்க முடியாத உப்பு. முன்பெல்லாம் கெசியா வெளியே நிற்க வேண்டும், யாராவது இரங்கி இறைத்து ஊற்ற வேண்டும். சிவசண்முகம் வந்த பிறகு அந்த வழக்கத்தை நிறுத்தினார். "நம்ம நாட்டு மனுஷி நம்ம கிணத்துல எறைக்கட்டும்" என்று கயிற்றை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள்; அவர் சட்டை செய்யவில்லை. கெசியாவுக்கு நன்றி இருந்ததா என்றால், இருந்தது, குடம் நிறைகிற வரைக்கும்.

ஒரு நாள் கிணற்றடியில் அவள் தெருவிளக்குப் புராணத்தை அவரிடமும் எடுத்துவிட்டாள். அவர் சிரித்தார். "வெள்ளைக்காரன் ராச்சியம் வெளக்குக் கம்பம் இருக்க எடம் வரைக்கும்தான் வாத்தியாரம்மா. இருட்டுல கெடக்க ஊரு பூராவும் நம்மளுதுதான்" என்றார்.

அந்த மாதமே மிஷன் அலுவலகத்திலிருந்து எல்லா வாத்தியார்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. ராஜாவுக்கு விரோதமாகப் பேசுகிறவர்கள் ஊரில் இருந்தால் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கிறவர்களின் விசுவாசம் மறக்கப்படாது. கெசியா அதை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். மறக்கப்படாது என்றால் என்ன அர்த்தம்? பாளையங்கோட்டை என்று அர்த்தம்.

"நாம குடிக்கது அவரு கிணத்துத் தண்ணி, கெசியா" என்றார் ஞானையா.

"தண்ணியத்தானே குடிச்சோம். அவரு கட்சியையா குடிச்சோம்? எழுதுங்க."

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். விளக்குக் கம்பத்தை விடவில்லை, இருட்டையும் விடவில்லை. வார்த்தை பிசகாமல் சொல்வதில் அவள் கெட்டிக்காரி.

பத்தாம் நாள் போலீஸ் வந்தது. இனி இப்படிப் பேசமாட்டேன் என்று நன்னடத்தை ஜாமீன் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாக மாஜிஸ்திரேட் சொன்னார். சிவசண்முகம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஒரு வருஷம் பாளையங்கோட்டை ஜெயில் என்று தீர்ப்பாயிற்று.

காட்டிக்கொடுத்தது யார் என்று ஊர் மண்டையை உடைத்துக்கொண்டது. கடைசியில் தலையாரிதான் என்று முடிவு கட்டி அவனோடு பேச்சை நிறுத்தியது. கெசியா வழக்கம்போலக் கிணற்றுக்குப் போய் வந்தாள். பிரம்மநாயகி அழுதபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டாள்கூட. துணிச்சல் என்றால் அது துணிச்சல்!

நாலு மாதம் கழித்து, இஸ்ரவேல் போதகர் மிஷன் கடிதத்தோடு திங்கட்கிழமை வருகிறார் என்று தகவல் கிடைத்தது. கெசியா தலைகால் புரியாமல் ஆடினாள். கோழிகளைப் பாலம்மாளிடம் தூக்கிக் கொடுத்தாள். "மனுஷன் இருப்பானா இந்த ஊர்ல? நீ இருப்பே, உனக்குப் பழகிப்போச்சு" என்று கூடவே சொன்னாள். தான் சமைத்த அடுப்பில் இன்னொருத்தி சமைக்கக் கூடாதென்று மண் அடுப்பை இடித்துத் தள்ளினாள். போகிற போக்கில் தன் பெருமையை எல்லாரும் காதாரக் கேட்கட்டும் என்று, சாதி சமயம் பாராமல் ஊரையே பள்ளிக்கூட முற்றத்துக்கு வரச் சொல்லிவிட்டதும் அவள்தான்.

பிரம்மநாயகியும் வந்தாள், ஒரு சீப்பு மட்டிப் பழத்தோடு. கெசியாவை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நீங்க போற ஊர்லதான் அவுக இருக்காக. எனக்கு மாசத்துக்கு ஒருக்க வண்டி கெடைக்கதே பெரும்பாடு. நீங்க எப்பமாவது எட்டிப் பாத்து, நல்லா இருக்காகளான்னு ஒரு கடுதாசி போடுவீகளா?"

"இதென்ன கேள்வி. வாரம் வாரம் போய்ப் பாக்கேன்" என்றாள் கெசியா.

போதகர் படியில் ஏறி நின்று முத்திரையை உடைத்தார். முன்னாலேயே பிரித்துப் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார். ஆனால் ஆரம்பித்ததை நடுவில் விடத் தெரியாத மனிதர் அவர். கணீரென்று வாசித்தார்.

"கீழவிளாகம் உபாத்தியாயர் ஞானையா, அவ்வூர் சிவசண்முகம் பிள்ளையின் ராஜத்துரோகப் பேச்சை எழுதித் தெரிவித்ததையும், அவர் மனைவி கெசியா கிணற்றடியில் அதைக் காதால் கேட்டு வந்து சொன்னதையும் நாம் மிகவும் மெச்சுகிறோம். பாளையங்கோட்டையில் விசுவாசிகளுக்குக் குறைவில்லை. இப்படிப்பட்ட கண்ணும் காதும் கிராமத்துக்கே தேவையாக இருப்பதால், மாற்றல் கேட்டு அவர் அனுப்பிய மனுக்கள் தள்ளப்பட்டு, கீழவிளாகத்திலேயே அவர் நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார்."

பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றும் சொல்லி முடித்தார். பதிலுக்கு ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. தலையாரி மட்டும் கெசியாவை ஏற இறங்கப் பார்த்தான். பிரம்மநாயகி கெசியாவின் கையிலிருந்த பழச் சீப்பைப் பைய எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அந்தக் கிணற்றுக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. பாலம்மாள் கோழிகளையும் திருப்பித் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள் ஏழு பேராகக் குறைந்தார்கள். நாவிதன் வர மறுத்ததால் ஞானையா தாடியோடு பாடம் நடத்தினார். இடித்த அடுப்பைக் கெசியா தன் கையாலேயே மண் குழைத்துப் பூசினாள். கால் கல் நடந்து ஊருணியில் உப்புத் தண்ணீர் மொண்டு வந்தாள்.

ஒரு நாள் காலையில் ஊருணிக் கரையில் மாட்டு வண்டி ஒன்று நின்றது. உள்ளே பிரம்மநாயகி, மடியில் ஒரு சோற்று மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை. எந்த ஊருக்குப் போகிற வண்டி என்று கேட்கத் தேவையில்லை. கெசியா குடத்தைக் கீழே வைத்தாள். மானம், வெட்கம் எல்லாம் விட்டுப்போன குரலில் கேட்டாள்.

"வண்டியில எடம் இருக்குமா? ஒரே ஒரு நாள், ஊரைப் பாத்துட்டு வந்துருதேன்."

"எடம் கெடக்கு, நாலு பேரு உக்காரலாம்" என்றாள் பிரம்மநாயகி. "ஆனா உங்களை இங்கனதான் வேணும்னு எழுதியிருக்காகளே, வாத்தியாரம்மா. இப்பம் பாளையங்கோட்டையில வீடு எங்களுக்குத்தானே குடுத்திருக்காக. தெருவிளக்கு எரியுதான்னு அவுககிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுதேன்."

வண்டிக்காரன் மாட்டை விரட்டினான். வண்டி ஓடைத் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பார்த்து நின்றுவிட்டு, கெசியா குடத்தை எடுத்து ஊருணியில் அமிழ்த்தினாள்.